மூன்றாவது கதவைத் திறக்குமுன்

போன செவ்வாய்க்கிழமை காலை, நோர்வூட் டவுனில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பி கடையில் மெஷினுக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா போன் எடுத்திருந்தாள். வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும், சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னாள்.

"எங்க தோட்டத்துலயும் புள்ளைங்களுக்குக் கதைப் புத்தகம் குடுத்திருக்காங்கடி. நாங்களும் புள்ளையும் சேந்து வாசிக்கணுமாம். ஞாயித்துக்கிழமை விழாவாம். ஆனா புத்தகம்தான் பழசு மாதிரி இருக்கு. மொதப் பக்கத்துல மஞ்சளா ஒரு கறை. கீழ யாரு பேரையோ அழிச்ச மாதிரி இருக்கு."

கையிலிருந்த தாள் கட்டை மேசையில் வைத்தேன். "அது கறை இல்லக்கா," என்றேன். "சந்தனம்."

கதை என்னவென்று அக்காவுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் கோபப்படுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளும்தான். உயர்தரம் வரை படித்தவள் நான். கையில் எழுத்து என்று எது அகப்பட்டாலும் வாசிக்காமல் விடமாட்டேன். மகளையும் அப்படித்தான் வளர்க்கிறேன். அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து பழைய பத்திரிகை, கடையில் வீணாகப் போன பிரதிகள், சீனி சுற்றி வந்த தாள் என்று எல்லாவற்றையும் சேர்ந்து வாசித்திருக்கிறோம். சொந்தமாக ஒரு தடித்த கதைப் புத்தகம் மட்டும் எங்களிடம் இருந்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பினர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கும் திட்டமாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரே கதைப் புத்தகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வழுவழுப்பான அட்டை, உள்ளே வர்ணப் படங்கள். "உங்களுக்காகவே கொண்டு வந்திருக்கிறோம். இரண்டு வாரத்தில் விழா வைப்போம், அதற்குள் நன்றாக வாசித்துப் பழகுங்கள்" என்றார் அவர்களை நடத்தி வந்த மேடம். இரவல் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வருஷத் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் புத்தகம் வந்தால் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் என்ன செய்வார்களோ அதையே செய்தோம். பழைய கலண்டர் தாளில் உறை போட்டோம். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினோம். முதல் பக்கத்தின் மூலையில் சந்தனம் குழைத்து ஒரு பொட்டு. அதற்குக் கீழே பிள்ளையின் பேர், வகுப்பு, தோட்டம், டிவிஷன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பென்சிலில்தானே எழுதுவார்கள், என் மகளும் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு பென்சிலில் எழுதினாள். பக்கத்து வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. புதுப் புத்தகத்தைப் பொட்டு வைக்காமல் திறக்க எங்கள் யாருக்கும் மனசு வராது.

அது ஒரு மாயக் கதை. மலை உச்சியில் மூடுபனிக்காரி என்று ஒரு சூனியக்காரி. நெசவு செய்யும் ஒரு பெண்ணை மானாக மாற்றிக் கோட்டைக்குள் அடைத்துவிடுகிறாள். அவளுடைய மகள் அம்மாவைத் தேடிப் போகிறாள். கோட்டைக்குள் மூன்று கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் தன்னிடம் உள்ள ஒன்றைக் கொடுத்தால்தான் திறக்கும்.

நானும் மகளும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். என் முறை வந்தால் நான் ஓட்டமாக ஓடுவேன். "அம்மா, நீங்க ப்ரைவேட் பஸ் மாதிரி போறீங்க, ஹோல்ட்ல நிப்பாட்டுங்க" என்பாள். முதல் நாள் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து அடுத்த அத்தியாயத்தை நான் புரட்ட, போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து புத்தகத்தை மூடியது. அன்றே சத்தியம் வாங்கிவிட்டாள். யாரும் தனியாக முன்னால் போகக்கூடாது. போனால் கதை செத்துப்போகுமாம்.

கோட்டைக்கு நூறு அறை என்று வந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். "நூறா? யாரும்மா கூட்டுறது?" மூடுபனிக்காரி மழையைப் பூட்டி வைத்தாள் என்று வந்ததும் இன்னும் சந்தோஷம். "நம்ம மழையையும் கொஞ்சம் கொண்டு போகச் சொல்லுங்க." அதைச் சொன்ன நேரம் எங்கள் கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாகப் பக்கத்தின் நடுவில் விழுந்தது. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தோம்.

லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரை வரை போகாது, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கே தும்மினால் அங்கே வாழ்த்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர், அவருக்கும் என் மகள் வயதில் ஒரு பிள்ளை. அவர்களிடமும் அதே புத்தகம் இருந்தது. ஆனாலும் நாங்கள் தொடங்கினால் அவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒருநாள் மகளின் குரல் இறங்கியதும் சுவருக்கு மேலால் அவருடைய சத்தம் வந்தது: "மானுக்கு என்னா ஆச்சு, கொஞ்சம் சத்தமா வாசிம்மா."

முதல் கதவுக்கு அந்தப் பிள்ளை தன் சடையை வெட்டிக் கொடுத்தது. இரண்டாவது கதவுக்குத் தன் நிழலைக் கொடுத்தது. மூன்றாவது கதவுக்கு முன்னால் நாங்கள் நிறுத்தினோம், மறுநாள் விழா என்பதால். எதைக் கொடுக்கப் போகிறாள் என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம். "செருப்பு" என்றாள் மகள். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை "கண்ணு" என்றது. "சும்மா இரு, பயமா இருக்கு" என்று அதட்டினார் அதன் அப்பா. பள்ளிக்கூடம் போகும் வழியில் பறித்து வைத்திருந்த, கையில் அழுத்தினால் வெள்ளையாகப் பதியுமே அந்தக் காட்டு இலை, அதை மகள் அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்து மூடினாள். விழா முடிந்து வந்து வாசிக்கலாம் என்று.

விழாவுக்கு வர வேண்டுமென்பதற்காகக் கொழுந்துக்குப் போகும் அம்மாமார்கள் அன்றைக்கு அரைப் பேரோடு நின்றார்கள், அதாவது பாதிச் சம்பளம். நான் நானாவிடம், எங்கள் கடை முதலாளியிடம், லீவு கேட்டு வந்தேன். எல்லோரும் நல்ல சேலை கட்டி, பிள்ளைகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துக் கொண்டு போனோம்.

போனால், மண்டபத்துக்குள் விடவில்லை. முதலில் படம் எடுக்க வேண்டுமாம், மலையில். வேனிலிருந்து கூடைகளை இறக்கினார்கள். பிரம்புக் கூடைகள். எங்கள் தோட்டத்தில் கூடை போய் எத்தனையோ காலம், இப்போது எல்லாரும் நைலோன் பைதான் கட்டுகிறார்கள். இந்தக் கூடைகளைக் கொழும்பிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கொன்று தலையில் மாட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பிள்ளையோடு வாசிக்க வேண்டும்.

நான் போய், மேடம், நான் கொழுந்து பறிப்பதில்லை, கடையில் வேலை செய்கிறேன் என்றேன். "பரவாயில்லை, படத்துக்குத்தானே" என்றார். கொழுந்து பறிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. என் அம்மா பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் யாரும் கூடையை மாட்டிக்கொண்டு மலையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பதில்லை. வாசித்தால் கங்காணி சும்மா விடுவாரா? பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கூடையைக் கொடுக்கப் போனார்கள். "நான் ஃபெக்டரி ஆளு மேடம், வேணும்னா ஒரு மெஷினக் கொண்டாங்க, மாட்டிக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்த கெமராக்காரரின் காலில் ரத்தம் குடிக்கும் அட்டை ஏறியிருந்தது, அதற்கு இன்னும் சிரித்தோம். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவளுடைய சந்தோஷம் கெட வேண்டாமே என்று கூடையை மாட்டிக்கொண்டேன்.

பிறகு மண்டபத்தில் பேச்சு, கைதட்டல், பணிஸும் சோடாவும். கடைசியில் ஓர் இளைஞர் கார்ட்போர்ட் பெட்டியோடு வரிசையாக வந்தார். புத்தகத்துக்கு சீல் அடிக்கப் போகிறார்கள் என்று என் பின்னாலிருந்த ஓர் அம்மா சொன்னாள். பரிசும் சேர்த்துத் தரப் போகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. பெட்டிக்குள் போன புத்தகம் திரும்பி வரவில்லை என்பது இரண்டாவது வரிசை தாண்டிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

மேடம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். கலண்டர் உறையைப் பிய்த்து எறிந்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். இன்னொன்றை எடுத்தார், அதிலும் பொட்டு. அடுத்ததிலும் பொட்டு. முகம் மாறிவிட்டது.

"யார் இப்படிப் புத்தகத்தை அசிங்கப்படுத்தச் சொன்னது? நாளைக்கு இதை வேறு பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாமா?"

அங்கேயே உட்கார்ந்து ஈரத் தாளால் துடைக்கத் தொடங்கினார்கள். சந்தனம் அப்படிப் போகுமா? மஞ்சளாகப் பரவியது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்க, அவர்கள் எழுதிய பேர்களை ஒரு பெண் அழிறப்பரால் அழித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். அது அசிங்கமில்லை, மேடம், எங்களுக்கு மரியாதை என்றேன். கொடுக்கும்போது இரவல் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னும் கேட்டிருப்பேன். எங்கள் தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத்துக்காரர், பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வாய மூடு புள்ள. இவங்கதான் லயத்துக் கூரைக்குத் தகரம் போட்டுத் தர்றேன்னிருக்காங்க. ஒரு புத்தகத்துக்காக அதக் கெடுத்துறாத."

எங்கள் கூரையும்தான் ஒழுகுகிறது. அந்தப் புத்தகத்திலேயே ஒரு சொட்டின் அடையாளம் இருக்கிறது. நான் உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் பெட்டி எங்கள் வரிசைக்கு வந்தது. என் மகள் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேரே மேடத்திடம் போய் நின்றாள். "மிஸ், வாசிச்சு முடிச்சிட்டுத் தரட்டுமா? மூணாவது கதவு மட்டுந்தான் இருக்கு."

மேடம் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். நல்ல இனிமையான குரலில், "மற்றப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும்தானே, மகள்? பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும்" என்றார்.

மகள் இரண்டு கையாலும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம், பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும் என்று. காட்டு இலை உள்ளேயே போய்விட்டது.

பகிர்வதைப் பற்றி இந்தப் பிள்ளைக்கா பாடம்? ஒரு பென்சிலை இரண்டாக உடைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பகிர்ந்தவள் அவள். சுவருக்கு மேலால் கதையைப் பகிர்ந்தவள். வாசித்து முடித்துக் கொடுத்தால் அது பகிர்வது. அம்மா மானாகவே நிற்கும்போது பிடுங்கினால் அதற்குப் பேர் வேறு.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் வாசிப்பே இல்லை. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. அவர் பொறுமையில்லாத மனுஷர், முதல் நாளே கடைசி அத்தியாயத்தை வாசித்துவிட்டாராம். "அழாத பாப்பா, முடிவு மாமாவுக்குத் தெரியும், சொல்றேன் கேளு. அந்தப் புள்ள மூணாவது கதவுல..."

மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க மாமா. நாங்க வாசிக்கணும்."

அவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு இன்று வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய மகள் கெஞ்சினால்கூடச் சொல்வதில்லையாம்.

தகரம் இன்னும் வரவில்லை. படம் மட்டும் வந்துவிட்டது. கடையில் நானாதான் தன் போனில் காட்டினார். நான் கூடையோடு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் மகள். கீழே எழுதியிருக்கிறார்கள்: தேயிலை பறிக்கும் தாய் ஒருவர் தன் பிள்ளைக்கு முதன்முறையாகக் கதை வாசித்துக் காட்டுகிறாராம். முதன்முறையாக. யாரிடம் கேட்டார்கள்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டார்களா? அந்தப் படத்துக்கு எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு போனை உள்ளே வைத்தார். "ஏன் புள்ள, காலையிலருந்து பின்னேரம் வரைக்கும் இந்த மெஷினுக்குப் பக்கத்துலதானே நிக்கிறீங்க. கடைசி நாலு பக்கத்த ஒரு கொப்பி அடிச்சு வச்சிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் தன் வீட்டில் இருக்கும் தன் புத்தகத்தை யாராவது கொப்பி எடுத்து வைப்பார்களா? அதைச் சொன்னதும் அவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

கோபம் ஆறாமலே நாட்கள் போயின. அப்போதுதான் போன செவ்வாய் அக்காவின் போன் வந்தது. அவளிடம் இருப்பது எங்கள் லயத்தில் ஏதோ ஒரு பிள்ளையின் புத்தகம். என் மகளுடையதாகவே இருக்க வேண்டுமென்றில்லை, எல்லாவற்றிலும்தானே பொட்டு இருந்தது. "விழா முடிஞ்சதும் பெட்டியோட வந்து வாங்கிக்கிட்டுப் போயிருவாங்கக்கா" என்றேன். அவள் நம்பவில்லை. "குடுத்தத யாராச்சும் திருப்பி வாங்குவாங்களாடி?" என்றாள். நாங்கள் நம்பிய அதே நம்பிக்கை. அங்கேயும் தகரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். "கக்கூஸ் கட்டித் தர்றேன்னிருக்காங்க" என்றாள்.

அந்த இடத்தில்தான் யோசனை வந்தது. அக்காவிடம் இருப்பது பட்டன் போன், பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியாது. முடிந்தாலும் வேண்டாம், மகள் புத்தகத்தைக் கையில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். "நாங்க சனிக்கிழமை வர்றோம்," என்றேன். "புத்தகத்தக் கவனமா வச்சிரு. நீயும் உன் மகளும் சேந்து முடிவு வரைக்கும் வாசிச்சிருங்க. எங்களுக்குச் சொல்லிறாத."

அன்றைக்கே அவளும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மற்ற அம்மாமார்களிடம், வாசித்து முடிக்காமல் யாரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று பேசிப் பார்த்திருக்கிறாள். பாதிப்பேர் சரி என்கிறார்களாம். பாதிப்பேர் கக்கூஸை நினைத்துப் பயப்படுகிறார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நானும் ஒரு தகரத்துக்காக உட்கார்ந்தவள்தான். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொன்னது யார்? கூரை கேட்பவருக்குக் கதை கிடையாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இதை எழுதுவது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாளைக்குக் காலை ஹட்டனுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் வட்டவளைக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் மகளோடு வருகிறார். முடிவு தெரிந்த மனுஷர் எதற்கு என்று கேட்டேன். "சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஒருதடவ கேக்கணும்ல" என்றார். நாளைக்கு அக்கா வீட்டில் மூன்றாவது கதவை வாசிப்போம், இடது பக்கம் மகள், வலது பக்கம் நான். ஞாயிற்றுக்கிழமை விழாவில், பெட்டி வரிசைக்கு வரும்போது, வாசித்து முடிக்காத பிள்ளை யாரும் புத்தகத்தைக் கொடுக்காது என்று மேடத்திடம் சொல்லப் போகிறேன். இந்தமுறை யார் வந்து காதில் சொன்னாலும் உட்காரமாட்டேன். என்ன நடக்குமென்று தெரியவில்லை. துரத்திவிடவும் கூடும். துரத்தினால் அதையும் எழுதுவேன்.

மகள் தன் பையை இப்போதே கட்டிவிட்டாள். உள்ளே மாற்றுச் சட்டை, சந்தன டப்பா, வழியில் பறித்த புதுக் காட்டு இலை. அக்கா மகளின் பேரை முதல் பக்கத்தில் தானே எழுதிக் கொடுக்கப் போகிறாளாம், அந்தப் பிள்ளையின் கையெழுத்து அவ்வளவு நல்லா இருக்காதாம். பென்சில் எடுத்து வைத்தாயா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்த நீலப் பேனாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

ஒரு பிள்ளை தன் பேரை அழியாமல் எழுதுவதற்கு இந்த மலையில் இவ்வளவு கோபம் தேவைப்படுகிறது என்பதை நான் மறக்கப் போவதில்லை. பேனா எழுதுகிறதா என்று அவள் உள்ளங்கையில் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.